மூன்றாவது வளைவில் நான் நின்ற இடம்

போன மாதம் ஒரு கார்ப்பந்தய ஏற்பாட்டுக் குழுவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. இப்போதெல்லாம் பந்தயத் திடலுக்குள் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு அரை நாள் பாதுகாப்பு வகுப்பு வைக்கிறார்களாம். வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் மேலங்கி கொடுப்பார்கள். மேலங்கி இல்லாதவருக்கு உள்ளே இடமில்லை. அந்த வகுப்பில் இருபது நிமிடம் பேச முடியுமா என்று ஒரு பெண் கேட்டார்.

"என்னத்தைப் பற்றி?" என்றேன்.

"உங்கட எக்ஸ்பீரியன்ஸ் அங்கிள். அந்தக் காலத்தில எப்பிடிக் கவனமா இருந்தனீங்கள் எண்டு."

நான் கவனமாக இருக்கவில்லை என்பதைத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன். குறிப்பு எழுத உட்கார்ந்தால் அது இருபது நிமிடத்துக்குள் அடங்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் வளர்ந்தது கொழும்பு, கொட்டாஞ்சேனையில். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் கழுவினேன். அங்கிருந்து ஒரு தமிழ் நாளிதழின் இருட்டறைக்குப் போனேன். மூன்று வருடம் மற்றவர்கள் எடுத்த பிலிமைக் கழுவிய பிறகு கமரா கையில் வந்தது. விளையாட்டுப் பக்கத்தை நான் தேடிப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்கு வர மற்றவர்களுக்கு விருப்பமில்லை. எனக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை.

படப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் நாசர் நாநா; நாநா என்றால் முஸ்லிம் பேச்சில் அண்ணன். மருதானைக்காரர். ஒல்லியான உடம்பு, வெள்ளை நீளக்கைச் சட்டை, கழுத்தில் கறுப்பு நூலில் தொங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி. பிலிமைக் கழுவியதும் முழுச் சுருளையும் ஒரே தாளில் சின்னச் சின்னப் படங்களாக அச்சிட்டு அவர் மேசையில் வைக்க வேண்டும். அவர் கடைசிப் படத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்குவார். எடுத்தவன் எங்கே களைத்துப்போனான் என்பது முதலில் தெரிய வேண்டுமாம். கண்ணாடியைத் தாளில் ஊன்றி, ஒரு கண்ணை மூடி, ஒவ்வொரு கட்டமாகப் பின்னோக்கி நகர்த்துவார். பிடித்த படத்தின் மூலையில் சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு விழும். பிடிக்காததைப் பற்றிப் பேசமாட்டார். ஒரு சுருளில் இரண்டு கோடு விழுந்தால் அன்று நான் நல்ல சாப்பாடு சாப்பிடுவேன். அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. சத்தம் போட்டும் கேட்டதில்லை.

சம்பவம் நடந்தபோது எனக்கு வயது இருபத்தொன்பது. கொழும்புக்குத் தெற்கே ஒரு பழைய விமான ஓடுபாதையில் கார்ப்பந்தயம். ஐந்து பத்திரிகைகளிலிருந்து ஐந்து பேர் போயிருந்தோம். காலையில் எங்களைக் கூட்டி இடம் காட்டினார்கள். மூன்றாவது வளைவில், உட்பக்கமாக, பழைய டயர்களை அடுக்கிக் கட்டிய அரணுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதைத் தாண்டக்கூடாது.

அந்த இடத்திலிருந்து எடுத்தால் காரின் பக்கவாட்டுத்தான் வரும். ஒரு கதவு, ஒரு இலக்கம், கொஞ்சம் தூசி. அதே படம் மற்ற நான்கு பேரிடமும் இருக்கும். வளைவு முடிகிற இடத்தில், வெளிப்பக்கப் புல்லில் நின்றால் கதை வேறு. கார் நேரே நம்மை நோக்கி வரும். ஓட்டுநரின் கண் தெரியும். மத்தியானத்துக்குப் பிறகு, ஒருவரும் பார்க்காத நேரத்தில், நான் அங்கே போய் நின்றேன்.

அந்த வளைவுக்குக் கொடி பிடித்தவர் சுனில். அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. தெமட்டகொடை ரயில் யார்டில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் இடத்தில் கொடி காட்டுகிற வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் பந்தயத்துக்கு வந்து கொடி பிடிப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

முதல் தடவை விசில் அடித்தார். நான் கையைக் காட்டிவிட்டு நின்றேன். இரண்டாம் தடவை கொடியை ஆட்டிச் சிங்களத்தில் கத்தினார். இன்னும் ஒரு சுற்று என்று விரலைக் காட்டினேன். மூன்றாம் தடவை அவர் தான் நின்ற கொடி மேடையிலிருந்து குதித்து, கொடியோடு பாதையோரமாக ஓடிவந்தார். எனக்கு அது கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. முன்னால் ஒரு கார் வளைவுக்குள் வந்துகொண்டிருந்தது. நான் கமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

காரின் பின்பக்கம் வழுக்கியது. நான் பொத்தானை அழுத்தியபடியே நின்றேன். கமராவில் பிலிமைத் தானாக நகர்த்தும் மோட்டார் பூட்டியிருந்தது. மூன்று படம் விழுந்தது. அதே நேரத்தில் யாரோ என் பையின் பட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். நான் புல்லில் மல்லாந்து விழுந்தேன். நான் நின்ற இடத்தைக் காரின் வால் துடைத்துக்கொண்டு போனது. அது சுனிலின் வலது தோளில் அடித்து அவரைப் புல்லின் மறு ஓரத்தில் எறிந்தது.

தூசி அடங்கியபோது அவர் கண் திறந்திருந்தது. கை இருக்கவேண்டிய பக்கத்தில் இருக்கவில்லை. நான் பக்கத்தில் முழந்தாளிட்டு "அய்யே, அய்யே" என்று, சிங்களத்தில் அண்ணா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்கள் ஓடிவந்தார்கள். நானும் அப்படி ஓடிவந்தவன் என்றே நினைத்தார்கள். அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. அரை மணித்தியாலத்தில் பந்தயம் மறுபடி தொடங்கியது.

பின்னேரம் ஒரு அதிகாரி எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். விபத்து நடந்த நேரம் படப்பிடிப்பாளர்கள் அனைவரும் டயர் அரணுக்குப் பின்னால் இருந்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மற்ற நான்கு பேரும் உண்மையாகவே அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நான் ஐந்தாவதாகப் போட்டேன்.

ஏன் போட்டாய் என்று கேட்டால் பத்திரிகையாளர் அட்டையைச் சொல்வேன். போர் நடந்த அந்த நாட்களில் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஒரு தமிழன், பை நிறைய இரும்பும் வயரும் வைத்துக்கொண்டு, காவலரண்களைத் தாண்டி வீட்டுக்குப் போகவும் வரவும் அந்த அட்டை வேண்டும். அது போனால் வேலை மட்டும் போகாது. இது உண்மை. ஆனால் கையெழுத்துப் போட்ட நேரத்தில் நான் இவ்வளவையும் யோசிக்கவில்லை என்பதும் உண்மை. தாளை நீட்டினார்கள், பயமாக இருந்தது, போட்டேன்.

மறுநாள் காலை பிலிமைக் கழுவினேன். மூன்றாவது படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கார் குறுக்காக, ஒரு முன்சில்லு நிலத்தைவிட்டு எழும்பி நிற்கிறது. ஓட்டுநரின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் பின்னிக் கிடக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் என்னையே பார்க்கிறது. என் வாழ்நாளில் அதைவிட நல்ல படம் நான் எடுக்கவில்லை. படத்தின் இடது ஓரத்தில், குலுங்கித் தெளிவில்லாமல், ஒரு கொடித்துணியும் நான்கு விரல்களும் இருந்தன.

நாசர் நாநா வழக்கம்போலக் கடைசியிலிருந்து வந்தார். அந்தக் கட்டத்தில் கண்ணாடி நின்றுவிட்டது.

"தேவா, இத எங்க ஈந்து எடுத்த?"

"டயருக்குப் பின்னால நிண்டு, நாநா."

"அந்த வளைவ ஒருக்கா கீறிக் காட்டு."

ஒரு தாளில் வளைவையும் டயர் அடுக்கையும் கார் நின்ற இடத்தையும் கீறினேன். படத்தில் காருக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த்தாங்கி தெரிந்தது. அது எந்தப் பக்கம் என்று கேட்டார். அதையும் கீறினேன். அவர் மேசையிலிருந்த அடிமட்டத்தை, கோடு போடும் அளவுகோலை, எடுத்து, தாங்கியையும் காரையும் தொடும்படி தாளில் வைத்தார். அடிமட்டத்தின் மற்ற நுனி டயர் அடுக்கை விட்டு விலகி, பாதையின் எதிர்ப்பக்கத்துப் புல்லில் போய் நின்றது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அடிமட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு, "சரி. இது என்கிட்ட ஈக்கட்டும்" என்று தாளையும் நெகட்டிவையும் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். மத்தியான லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனார். அன்றைய பக்கத்துக்கு வெற்றி பெற்றவர் கிண்ணத்தோடு நிற்கும் சாதாரணப் படம் போனது.

ஒரு கிழமை கழித்து ஏற்பாட்டுக் குழுவின் அறிக்கை வந்தது; பத்திரிகைகளும் அதைப் போட்டன. கொடி பிடித்தவர் காரணமில்லாமல் தன் இடத்தை விட்டு இறங்கியதே விபத்துக்குக் காரணம் என்று அதில் இருந்தது. படப்பிடிப்பாளர் ஒருவரை இழுக்கப் போனதாக அவர் கூறுவதை ஏற்க முடியாது, எல்லாப் படப்பிடிப்பாளர்களும் உரிய இடத்தில் இருந்ததாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நாநா அந்த அறிக்கையை என் மேசையில் வைத்தார். தன் மேசைக்குப் போய்விட்டார்.

ஒன்பதாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்ட்டின் வாசலில் நின்று பார்த்தேன். சுனிலுக்குக் கழுத்திலிருந்து முழங்கை வரை மாக்கட்டு. மனைவி கரண்டியால் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் இடது கையால் கரண்டியை வாங்கப் பார்க்கிறார், சோறு சிந்துகிறது, மனைவி மறுபடி வாங்கிக்கொள்கிறார். நான் உள்ளே போகவில்லை. கொண்டுபோன பழங்களை நேர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தேன். யார் கொடுத்தது என்று சொல்லவும் இல்லை.

பன்னிரண்டாவது நாள் வெள்ளிக்கிழமை. காலையில் நாநாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"நாநா, அந்தப் படத்தைத் தாங்கோ."

"எதுக்கு?"

"கொண்டுபோய்க் குடுக்க வேணும். நான் புல்லுக்குள்ள நிண்டனான். அவர் என்னை இழுக்கத்தான் வந்தவர்."

அவர் லாச்சியைத் திறந்தார். உள்ளே ஒரு பெரிய கடித உறை இருந்தது. அதன் மேல் ஏற்பாட்டுக் குழுவின் விலாசம் அவர் கையெழுத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது. மூன்று படங்களையும் பெரிதாக அச்சிட்டு உள்ளே வைத்திருந்தார். நான் கீறிக் கொடுத்த தாளும் இருந்தது.

"நான் கேக்காட்டி?" என்றேன்.

"திங்கக்கெழம நானே அனுப்பியிருப்பன்," என்றார். "நீ கேப்ப எண்டுதான் இன்டைக்கு வரைக்கும் பொறுத்துப் பாத்தன். பொறுக்க வேண்டியத விட ரெண்டு நாள் கூடப் பொறுத்திட்டன்."

விசாரணை ஒரு கிளப்பின் மேல்மாடி அறையில் நடந்தது. மூன்று பேர் இருந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். ஏன் அங்கே போய் நின்றாய் என்று நடுவில் இருந்தவர் கேட்டார். படம் நல்லாக வரும் என்பதால் என்றேன். அவர் மூன்றாவது படத்தைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வந்திருக்கிறது" என்றார். அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அறிக்கையைத் திருத்தி எழுதினார்கள். இரண்டு வருடத்துக்கு எந்தப் பந்தயத் திடலுக்குள்ளும் நான் வரக்கூடாது என்று அதே அறிக்கையில் சேர்த்தார்கள். பத்திரிகை என்னை வீட்டுக்கு அனுப்பத்தான் இருந்தது. நாநா மேலே போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. அந்தப் படம் எங்கள் பத்திரிகையில் வரவேயில்லை.

சுனில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு தெமட்டகொடைக்குப் போனேன். ரயில்வே குவாட்டஸ், இரண்டு அறை. மனைவி கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் ஒதுங்கி வழிவிட்டார். தேநீர் வரவில்லை. இந்த நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் தேநீர் வரும்.

சுனில் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கையைப் பற்றி எனக்கு உன்னோட கோவம் இல்ல. இறங்கி ஓடினது என்ட வேலை. நீ இல்லாம வேற ஆள் நிண்டாலும் ஓடியிருப்பன்."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"யார்டில இருந்து ஆக்கள் வந்து பாத்தாங்கள். பேப்பரில இருந்ததை வாசிச்சிட்டு வந்தாங்கள். இருபது வருஷம் கொடி பிடிச்சவன் காரணமில்லாம லைனுக்குள்ள ஓடுவானா எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. சிரிச்சாங்கள். கார் அடிச்சதில இருந்து நீ வாய் திறக்கப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?"

சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது. "பயந்துகொண்டிருந்தன், அய்யே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓடி வரேக்க எனக்கும் பயமாத்தான் இருந்தது," என்றார்.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பி வந்தேன். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாததால் ரயில்வேயில் அவருக்குக் களஞ்சிய அறையில் வேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு சித்திரைப் புதுவருடத்துக்கும் போய்ப் பார்த்தேன். மூன்றாவது வருடம் தேநீர் வந்தது. அவர் காலமாகும் வரைக்கும் போனேன்.

தடை இருந்த இரண்டு வருடமும் நான் கூடைப்பந்துக்குப் போனேன். பெரும்பாலும் பெண்கள் பாடசாலைகளின் போட்டி. உள்ளரங்கில் வெளிச்சம் கிடையாது. அதை ஈடுகட்டப் பிலிமைக் கூடுதல் நேரம் மருந்தில் வைத்துக் கழுவினால் படம் முழுக்க மணல் கொட்டினதுபோல இருக்கும். கூடைக்குக் கீழே, கோட்டுக்கு வெளியே, நிலத்தில் உட்கார வேண்டும். முதல் நாள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளவத்தைப் பாடசாலை ஒன்றின் பயிற்றுநர், கட்டையான ஒரு ரீச்சர், ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"காலை மடக்குங்கோ. என்ட பிள்ளை விழுந்தா உங்கட படமா வந்து தூக்கும்?"

மடக்கினேன். அன்றிலிருந்து சப்பாணி கட்டியே உட்கார்ந்தேன். முதல் ஆறு மாதம் தண்டனை என்றுதான் நினைத்தேன். பிறகு பிடித்துப்போனது. கூடைப்பந்தில் ஆட்கள் மேலே எழும்பி ஒரு கணம் அப்படியே நிற்பார்கள். அந்தக் கணம் எப்போது வரும் என்று பந்து தரையில் தட்டுகிற சத்தத்தைக் கேட்டே சொல்லப் பழகினேன். நாநா ஓய்வு பெறுகிற கடைசிக் கிழமையில் என் கூடைப்பந்துச் சுருள் ஒன்றில் நான்கு சிவப்புக் கோடு போட்டார். ஒரே சுருளில் நான்கு கோடுகளை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

இனி உதைபந்தாட்டம். எங்கள் தேசிய அணி சொந்த மண்ணில் ஒரு சர்வதேசப் போட்டியை வென்று பல வருடமாகியிருந்தது. கொழும்புக்கு வந்தது எங்களைவிட மிகப் பலமான ஒரு வெளிநாட்டு அணி. எத்தனை கோலால் தோற்போம் என்றுதான் அலுவலகத்தில் பேச்சு. மழை. இடைவேளை வரை கோல் இல்லை. நான் எதிரணியின் கோல் கம்பத்துக்கு இடப்புறம், விளம்பரப் பலகைக்குப் பின்னால் குந்தியிருந்தேன். அந்தக் காலத்தில் டிஜிட்டல் கமரா வந்துவிட்டது. பலகைக்கு முன்னால் போகக்கூடாது என்பது விதி. இரண்டாம் பாதியில் மழையோடு ஒழுங்கும் கரைந்தது. பக்கத்திலிருந்த வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்துப் படப்பிடிப்பாளர் பலகையைத் தாண்டி இரண்டு அடி முன்னால் போனார். தடுப்பாரில்லை.

நான் போகவில்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்க, வலப்பக்கத்திலிருந்து பந்து வந்தது. கோலுக்கு முன்னால் ஒரே கும்பல். எங்கள் முன்கள வீரர் ஜூட், கொட்டாஞ்சேனைக்காரர், ஒரு எதிரணித் தடுப்பாளரோடு சேர்ந்து சேற்றில் சறுக்கினார். பந்து வலைக்குள் கிடந்தது. மைதானம் எழும்பிக் கத்தியது. நாங்கள் வென்றோம். நானும் கத்தினேன், பிறகு கமராவின் திரையைப் பார்த்தேன். பந்து இருக்கிறது, கோல்காப்பாளர் இருக்கிறார், தெறிக்கிற தண்ணீர்கூட இருக்கிறது. ஜூட்டின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கோல் கம்பம் வெள்ளையாக நிற்கிறது. நெற்றியிலிருந்து இடுப்பு வரை ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும், எங்கள் பத்திரிகையிலும்கூட, வெளிநாட்டு நிறுவனத்துப் படம்தான். கோல் விழுந்த அடுத்த கணம், மழைக்குள் வாய் திறந்து ஓடிவரும் ஜூட்டின் முகம். அற்புதமான படம். சில கடைகளில் இன்னும் தொங்குகிறது.

"ரெண்டு அடி, தேவா. முன்னால போயிருக்கலாமே?" என்றார் புதிய படப் பொறுப்பாசிரியர்.

"போகேலாது எண்டு சொன்னவங்கள், சேர்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அன்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சரியாக நடந்துகொண்டோம் என்ற திருப்தியெல்லாம் ஒன்றும் வரவில்லை. ஒரு வரலாற்றுக் கோலைத் தவறவிட்டவனுக்கு வருகிற எரிச்சல்தான் வந்தது.

போட்டியின் பதிவேட்டில் அது எதிரணித் தடுப்பாளர் தவறுதலாகத் தன் கோலுக்குள்ளேயே தட்டிய பந்து என்று எழுதினார்கள். இன்றுவரை அது அப்படித்தான் இருக்கிறது. கோலடித்ததாக ஜூட்டின் பெயர் எங்கேயும் இல்லை.

அடுத்த கிழமை ஜூட் அலுவலகத்துக்கு வந்தார். நல்ல உயரம், முழங்காலில் இன்னும் பிளாஸ்திரி. நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணை, கோல் விழேக்க எடுத்த படம் ஏதும் இருக்கா?"

"இருக்கு. ஆனா உம்மட முகம் விழேல்ல. கம்பம் மறைச்சுப் போட்டுது."

"பரவாயில்ல, ஒருக்காக் காட்டுங்கோ."

கணினியில் திறந்து காட்டினேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு முன்னால் குனிந்தார். திரையில் விரலை வைத்துக் கம்பத்தின் கீழ்ப்பக்கத்துக்கு இறங்கினார். கம்பத்துக்கு வலப்பக்கம் சேற்றுக்குள் நீட்டிய அவருடைய வலது கால். சப்பாத்தின் நுனி பந்தில் பதிந்து, பந்து ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது. தடுப்பாளரின் கால் அதற்கு ஒரு சாண் தள்ளி, நிலத்தில் கிடக்கிறது. நான் அத்தனை நாளும் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், இதைப் பார்க்கவில்லை.

அவர் விரலைத் திரையிலிருந்து எடுத்தார். பிறகு பெரிதாக ஒரு பிரதி அச்சிட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். வேண்டுமானால் மற்றப் படத்துக்கும் சொல்லி எடுத்துத் தருகிறேன், அதில் முகம் நல்லாக இருக்கிறது என்றேன்.

"முகத்தை வீட்டில எல்லாருக்கும் தெரியும் அண்ணை," என்றார் ஜூட். "எனக்கு இந்தக் கால்தான் வேணும்."